அப்பாவின் புல்லட்டை அவிழ்க்கும் முன்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சீரமைக்க முனைகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகத்தோடு உட்கார்ந்து வண்டி முழுவதையும் கழற்றிப் போட்டுவிடுவதாகும். மாலைக்குள் சேஸ் ஒரு பக்கமும் இன்ஜின் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். இரண்டு மாதம் கழிந்தால் எந்த நட் எந்த போல்ட்டுக்கு உரியது என்பது மறந்துபோகும். அதற்குப் பிறகு அந்த வண்டி மீண்டும் வண்டியாவது அரிது. எங்கள் வீட்டிலிருக்கும் 1976-ஆம் ஆண்டு 350 புல்லட்டைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சரிசெய்து வருகிறேன். எந்த ஆண்டிலும் அது ஒரு மாதத்துக்கு மேல் ஓடாமல் நிற்கக் கூடாது என்பது நான் வகுத்துக்கொண்ட விதி. ஆகவே ஓர் ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முடித்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இங்கே சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய இன்ஜினுக்கு உரியது. 70 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட அந்த 346 சி.சி. இன்ஜின், இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்து சென்னை திருவொற்றியூரின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் அதிக மாற்றமின்றி உற்பத்தியானது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த பிற்காலத்து வண்டிகளுக்கு இந்த வழிமுறை பொருந்தாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வேண்டும். சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கலாமே தவிர, அந்த இடத்தில் உப்புத்தாளோ கிரைண்டரோ படக் கூடாது. வண்டி காலமான தந்தையின் பெயரில் இருந்தால், படிவம் 31 கொடுத்து உரிமையை மாற்றிக்கொண்டு, காலாவதியான பதிவையும் புதுப்பித்த பிறகே பெரிய செலவில் இறங்குவது நல்லது.

முதலாம் ஆண்டு, பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்கானது. ஓடுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப், சக்கர பேரிங், ஸ்போக் ஆகியவற்றைப் பார்த்து முடியுங்கள். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் அளவு மரைகள் இருப்பதால், மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அந்த பிரிட்டிஷ் அளவுக்கான ஸ்பேனர் செட் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவதே சிக்கனம்.

அடுத்தது இன்ஜின். ஆனால் அதைத் திறக்க வேண்டுமா என்பதை முடிவுசெய்யவே சில மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். நெடுநாள் நின்ற புல்லட்டைக் கிளப்பியவுடன் சைலன்சரிலிருந்து நீலப்புகை மண்டினால், பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று சொல்லிப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் உள்ளேயே தனி அறையாக அமைந்திருக்கிறது. வாரக்கணக்கில் வண்டி நின்றால் அந்த ஆயில் பம்ப்பின் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பகுதியில் தேங்கிவிடும். கிளப்பியதும் எரிவது அதுதான். பத்து நிமிடம் ஓடிய பிறகும் புகை அடங்கவில்லை என்றால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இதே காரணத்தால், நின்ற வண்டியில் ஆயில் அளவுக்குச்சியைப் பார்த்து, குறைந்திருக்கிறது என்று மேலும் ஊற்றிவிடக் கூடாது. ஓட்டி நிறுத்திய பிறகு பார்ப்பதே சரியான அளவு. நான் இதை அறியாமல் முதல் ஆண்டில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, தெருவையே புகைமூட்டம் ஆக்கியிருக்கிறேன்.

ஆயில் மேலே ஏறுகிறதா என்பதை அறிய, இன்ஜின் மெதுவாக ஓடும்போது இன்ஜினின் உச்சியில் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்குச் செல்லும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சரிசெய்ய வேண்டும்: பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் திருகினால் அது தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. தீப்பொறிக்கான கான்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கிளம்பாத புல்லட்டுகளில் பாதி, இந்த இரண்டையும் ஒழுங்காக வைத்தாலே கிளம்பிவிடும் என்பது என் அனுபவம்.

தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து போரிங் போடத்தான் வேண்டுமென்றால், பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத் பட்டறையில் கொடுத்து அதற்கேற்பக் கடையச் சொல்ல வேண்டும். தேய்மானம் அனுமதித்தால் மிகச் சிறிய ஓவர்சைஸிலேயே (மூல அளவைவிடச் சற்றே பெரிய பிஸ்டன் அளவு) நிறுத்துங்கள். ஒரே தடவையில் பெரிய அளவுக்குத் தாவினால் அடுத்த தலைமுறைக்கு அந்தச் சிலிண்டரில் சதை மிஞ்சாது. பிறகு முதல் 500 கிலோமீட்டர் மணிக்கு ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்றிவிட வேண்டும். உதிரிபாகங்களைச் சென்னையில் உள்ளவர்கள் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். ஆனால் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோகாமல் கிளம்ப வேண்டாம்.

வண்டி நம்பிக்கையாக ஓடத் தொடங்கிய பின்னரே நம் விருப்பத்துக்கு ஏற்ற மாற்றங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். எனக்கு மிகவும் பயன்பட்டது ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியதுதான். இரவில் எதிரே வருவது எருமையா லாரியா என்று இப்போது தெரிகிறது. இதைச் செய்கையில் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், சார்ஜிங் அமைப்பு ஆகிய யாவும் சேர்ந்து மாற வேண்டும். வயரிங்கைப் புதிதாக இழுப்பதும் நல்லது. சேஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், எர்த் வயர் சேரும் இடத்தில் அந்தப் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுப்பதால், புது வயரும் புது பல்பும் இருந்தும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

தோற்றத்தை மாற்றுவதில் சட்டத்தின் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே சேஸை வெட்டி நீட்டுவது, தடுப்பில்லாத சைலன்சர் மாட்டுவது போன்றவை வேண்டாம். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிவுசெய்ய வேண்டும். இருக்கை, ஹேண்டில்பார், கண்ணாடி போன்றவற்றில், வேண்டும்போது பழையபடி திருப்பி மாட்டக்கூடிய மாற்றங்களையே நான் தேர்ந்தெடுக்கிறேன். புது இருக்கைக்காகச் சேஸில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை.

பெயிண்ட் கடைசி ஆண்டின் வேலை. முன்பே அடித்தால் ஸ்பேனர் நழுவிய ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் டேங்க்கில் ஓரளவு மிஞ்சியிருந்தால், புதிதாக அடிக்காமல் பாலிஷ் போட்டு வைத்துக்கொள்வதே மேல் என்பேன். ஏனெனில் அதிலுள்ள தங்கக் கோடு திருவொற்றியூரில் ஒருவர் ஸ்டிக்கரின் உதவியின்றித் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. கோடு அழிந்துபோயிருந்தால், உங்கள் ஊரில் இன்னும் தூரிகை பிடிக்கும் போர்டு ஓவியர் எவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எங்கள் டேங்க்கின் இடப்பக்கக் கோட்டை அப்படி ஒருவர்தான் இழுத்தார். வலப்பக்கம் அப்பா துடைத்துத் துடைத்துத் தேய்ந்த கோடு. அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.