குளுக்கோமாவும் லேசர் சிகிச்சையும்: கண் கிளினிக்குக்குப் போகுமுன் அறிந்திருக்க வேண்டியவை

இலங்கையின் திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் கரைவலைத் தொழில் செய்துவந்த என் மாமா, 58ஆவது வயதில் வலைக்கயிற்றில் அடிக்கடி தடுக்கி விழத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்துக் கயிற்றில்தான் கால் சிக்கியது என்பதை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. வயதாகிவிட்டது என்றோம். கண்ணில் புரை வளர்கிறது, ஒப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சோதித்துப் பார்த்தபோது இடக்கண்ணின் பார்வை நரம்பு பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. அது புரையல்ல, பார்வை நரம்பை அழிக்கும் குளுக்கோமா என்ற நோய். புரை என்றால் மங்கிய வில்லையை அகற்றிவிட்டுப் புதியதை வைக்கலாம். குளுக்கோமாவில் இழந்த பார்வையை மீட்டுத்தர மருந்தோ லேசரோ அறுவைச் சிகிச்சையோ இன்றுவரை இல்லை. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றவே அவை பயன்படுகின்றன.

அன்று வைத்தியர் அவரிடம் கேட்ட முதற் கேள்வி, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான். அதனால்தான் எந்தக் குறையும் உணராதிருந்த என் தாயாரையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். அவருடைய கண்ணுக்குள் நீர் வடியும் மூலை (வெளியே தெரியும் கண்ணோரம் அல்ல) மிகக் குறுகியிருப்பது தெரிந்து, இரண்டு கண்களுக்கும் லேசர் செய்யப்பட்டது. அவருடைய பார்வை இன்றும் முழுமையாக இருக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், தன் கண்ணில் எந்தக் கோளாறும் தெரியாவிட்டாலும் 40 வயதுக்கு முன்பே ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழிப்படலத்தின் ஓரத்திலுள்ள மிக நுண்ணிய வலைபோன்ற வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அந்த வடிகால் மெல்ல மெல்ல அடைபட்டாலோ, கருவிழிப்படலம் அதன் வாயை மூடிக்கொண்டாலோ, உள்ளே அழுத்தம் கூடிப் பின்னாலுள்ள பார்வை நரம்பு நசிகிறது. இந்த அழுத்தம் வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு பாதிக்கப்படுபவர்கள் உண்டு என்பதால், அளவு சரி என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் ‘பிறஷர்’ என்றால் இரத்த அழுத்தம் என்றே விளங்கிக்கொள்வார்கள். இது வேறு. பிறஷர் மாத்திரை ஒழுங்காக எடுப்பவரின் கண் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று கொள்ள முடியாது.

பக்கப் பார்வையே முதலில் போகிறது. நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை நிலைத்து நிற்பதாலும், விடுபட்ட இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்வதாலும், சுவரிலுள்ள எழுத்துப் பலகையின் அடி வரியை வாசிக்கக்கூடிய ஒருவருக்கும் குளுக்கோமா முற்றியிருக்கலாம். ஆகவே கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைக் கண் பரிசோதனையாக எண்ண வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும்போது

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், குடும்பத்தில் இந்நோய் இருப்பதைச் சொல்லி, கண் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேட்கலாம். சலரோகம் உள்ளவர்களும், கிட்டப்பார்வைக் குறைக்குத் தடித்த கண்ணாடி அணிபவர்களும், தொய்வுக்கோ (ஆஸ்துமா) தோல் நோய்க்கோ ஸ்டீரொயிட் மருந்தை நெடுங்காலம் பாவித்தவர்களும் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். உப்புக்காற்றும் வெயிலும் மணலும் கண்ணைச் சிவக்கவைக்கும் இந்தக் கரையோரத்தில், மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அவற்றுள் சில ஸ்டீரொயிட் கலந்தவை. சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்துவதே அவைதான். அந்தப் போத்தலை வீசிவிடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அழுத்தத்தை அளப்பது, பின்புறம் நரம்பைப் பார்ப்பது, கண்ணின் மூலை திறந்திருக்கிறதா குறுகியிருக்கிறதா என்று வில்லை வைத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் முடிந்தனவா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. பாவையை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணித்தியாலங்களுக்குப் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பக்கப் பார்வை எவ்வளவு மீந்திருக்கிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனைக்கு அஞ்சுபவர்கள் அதிகம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்த்தபடி, எங்கேனும் ஒளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மின்னுவதில் பாதியளவு எவருக்கும் தெரியாத அளவுக்கு மங்கலாகவே இருக்கும். இயந்திரம் அந்த எல்லையைத்தான் தேடுகிறது. என் தாயார் இதைப் பரீட்சையாக நினைத்து, தெரியாத ஒளிக்கும் பொத்தானை அழுத்தியதால் மறுநாளும் செய்ய வேண்டியதாயிற்று.

எந்த லேசர், எதற்கு?

‘லேசர் அடித்தால் கண்ணாடி தேவையில்லை’ என்று கேள்விப்பட்டு வருபவர்களுக்கு இது முதலில் விளங்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லாசிக், கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான விழிவெண்படலத்தைச் செதுக்கி வடிவம் மாற்றுகிறது. அது குளுக்கோமாவைக் குணமாக்காது. செதுக்கியபின் அப்படலம் மெலிந்துவிடுவதால், பின்னாளில் அழுத்தத்தை அளக்கும்போது உண்மையிலும் குறைவான அளவே காட்டும். லாசிக் செய்த இளைஞர்கள், சிகிச்சைக்கு முந்திய அளவுகள் எழுதிய தாளைப் பத்திரப்படுத்தி, எந்தக் கண் வைத்தியரிடம் போனாலும் காட்ட வேண்டும். குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் லாசிக்குக்கு நாள் குறிக்குமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

குளுக்கோமாவுக்குப் பெரும்பாலும் செய்வது இரண்டு. மூலை குறுகியவர்களுக்குக் கருவிழிப்படலத்தின் மேலோரத்தில் ஊசிமுனையளவு துளையிட்டு நீருக்கு மாற்று வழி அமைக்கிறார்கள். மூலை திறந்திருப்பவர்களுக்கு வடிகால் வலையின்மீது சன்னமான லேசர் ஒளியைப் பாய்ச்சி நீரோட்டத்தைத் தூண்டுகிறார்கள். இரண்டாவதைச் சொட்டு மருந்துக்கு முன்பே முதற் சிகிச்சையாகச் செய்யலாம் என்பதை, 2019இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான பிரித்தானிய ஆய்வு வலுவாகக் காட்டியது. அதில் லேசர் பெற்றவர்களில் ஏறக்குறைய 74 வீதமானோர் மூன்று ஆண்டுகளின் பின்னரும் சொட்டு மருந்தின்றி இருந்தனர். ஆனாலும் அதன் பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். ஆண்டுகள் போகப்போகக் குறையும். தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். அதுவரை விட்டுவந்த சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

வலிக்குமா என்பதே எல்லோரும் கேட்பது. ஊசியில்லை, மயக்கமில்லை, வைத்தியசாலையில் தங்கவும் தேவையில்லை. துளையிடும் சிகிச்சை பெறுபவர்களுக்கு முதலில் பாவையைச் சுருக்கும் சொட்டு விடுவார்கள். அதனால் புருவத்தின்மேல் ஒரு வலி வரும். பிறகு மரக்கவைக்கும் சொட்டு விட்டு, நாடியைத் தாங்கியில் வைத்து, கண்ணின்மேல் ஒரு வில்லையைப் பொருத்துவார்கள். பளிச்சென்ற ஒளியும் ‘டிக்’ என்ற ஓசையும், சிலவேளை எறும்பு கடித்ததுபோன்ற சுருக்கும் இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இருந்து அழுத்தத்தை மீண்டும் அளந்துகொண்டே புறப்பட வேண்டும், ஏனெனில் சிலருக்கு அன்றே அது திடீரென ஏறுவதுண்டு. எல்லா லேசர் இயந்திரங்களும் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. சிகிச்சை இங்கேயா, வெளியூரிலா, எத்தனை தடவை போகவேண்டும் என்பதை முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து விடும் முறை

பலர் இதில்தான் தவறுகிறார்கள். கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து அந்தக் குழியில் ஒரே ஒரு துளி விடுங்கள். கண்ணில் தங்கக்கூடிய அளவைவிட அந்த ஒரு துளியே அதிகம். இரண்டாவது துளி கன்னத்தில் வழிந்து வீணாகும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்குள் இறங்காது. குளுக்கோமாவுக்கான டிமொலோல் என்ற சொட்டு மருந்தை விடுபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். தொய்வு உள்ளவர்களுக்கு அந்த மருந்து மூச்சையே இறுக்கிவிடலாம் என்பதால் தொய்வைப் பற்றி வைத்தியரிடம் மறைக்காதீர்கள். இரண்டு வகைச் சொட்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் மருந்தை நிறுத்திவிடும் முதியவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கக்கூடும். இரவில் ஒரு தடவை விடும் மருந்துக்கு இடையூறே இல்லை. இரண்டு தடவை விடுவதை விடியுமுன் உண்ணும் சஹருக்கும் மாலையில் நோன்பு திறக்கும் இப்தாருக்கும் ஒட்டி அமைத்துத்தரும்படி வைத்தியரைக் கேட்கலாம்.

காத்திருக்கக் கூடாத வேளை

திடீரெனக் கண் சிவந்து, தாங்க முடியாத வலியுடன் தலையிடியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், அது கண்ணின் மூலை முற்றாக மூடிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம். சில மணித்தியாலங்களிலேயே நரம்பு கெட்டுவிடும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறென்று படுக்கவைக்காமல், நந்தியாவட்டைச் சாறோ தாய்ப்பாலோ விடாமல், விடியும்வரை பொறுக்காமல், 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்ணில்தான் வலி தொடங்கியது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் என் தாயார் ஒவ்வொரு தடவையும் இரு கண்களின் அளவையும் திகதியோடு எழுதிவைக்கிறார். அதற்குக் கீழே உடன்பிறந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. பார்த்து முடித்தவர்களுக்கு நேரே ஒரு சரி போட்டிருக்கிறார். சம்பூரிலிருக்கும் சின்னம்மாவின் பெயருக்கு நேரே மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வருகிற கிளினிக் நாளில் அவரையும் கூட்டிப்போகிறோம்.