ஐடிலிங்கில் பெட்ரோல் கார் நடுங்குகிறதா? காரணத்தை வீட்டிலேயே பிடிக்கலாம்

சிக்னலில் இன்ஜின் ஓடியபடி வண்டி நிற்கும்போது (இதுதான் ஐடிலிங்) ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முள் ஆடுகிறது, ஏசி போட்டால் வண்டி அணைந்துவிடும் போல இருக்கிறது. வழக்கமாக என்ன நடக்கும்? முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றுவார்கள். அடுத்து த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) கிளீனிங், அதற்கடுத்து இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தூவுவது) கிளீனிங். மூன்றுக்கும் பில் கட்டிய பிறகும் நடுக்கம் அப்படியே இருக்கும். கடைசியில் பார்த்தால் எலி கடித்த ஒரு ரப்பர் ஹோஸ்தான் காரணமாக இருக்கும்.

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறதா (அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லையா), எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறுகின்றனவா, அல்லது இன்ஜின் ஒழுங்காக ஓடியும் நடுக்கம் மட்டும் உள்ளே வருகிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. இங்கே சொல்வது ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 மாதிரியான எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) வண்டிகளுக்கு, அதிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது) உள்ளவற்றுக்கு. கார்புரேட்டர் வண்டிக்குப் பாதிக்கு மேல் பொருந்தாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10 மி.மீ. ஸ்பேனர், நீளமான எக்ஸ்டென்ஷனுடன் பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சில வண்டிகளில் 14), இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், வண்டியின் கணினியில் உள்ள கோளாறு கோடுகளைப் படிக்க, போனோடு இணையும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் இந்த ஸ்கேனர் பொதுவாக வேலை செய்யும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே கூடாது. தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும்.

எது நார்மல்?

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பெரும்பாலான சிறிய கார்களின் ஐடில் 700 முதல் 850 ஆர்பிஎம். ஏசி போட்டால் கம்ப்ரஸர் இழுக்கும் கணத்தில் லேசாக இறங்கி, உடனே 50 முதல் 150 வரை ஏறி நிற்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200க்கு மேல் போய் மெல்ல இறங்குவது சரியானதே. ஆல்டோ கே10, செலேரியோ, க்விட், டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகள் பிறவியிலேயே கொஞ்சம் நடுங்கும். அதே மாடல் வேறொரு வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல்மூடியில் ஒரு பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை ஓரமாக, பெல்ட்டில் விழாத இடத்தில் வையுங்கள். முள் அசையாமல் நிற்கிறது, பாட்டில் தண்ணீர் சீராக அதிர்கிறது, ஆனால் சீட்டும் கண்ணாடியும் நடுங்குகின்றன என்றால் சந்தேகம் இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) மேல் போக வேண்டும். ரப்பர் கிழிந்திருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி போட்டதும் நடுக்கம் கூடி, நியூட்ரலில் குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்ஜினே உதறினால் சைலன்ஸர் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். தாளம் தப்பாமல் விட்டுவிட்டு 'பொஃப்' என்று தள்ளினால் ஒரு சிலிண்டர் மிஸ். தாளம் எதுவும் இல்லாமல் முள் ஏறி இறங்கினால் காற்று அல்லது பெட்ரோல் விஷயம். காகிதம் இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டால் மிஸ்ஃபயரோடு எக்ஸாஸ்ட் வால்வையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சோதிக்க வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். மற்ற எல்லாப் பாகங்களையும் சேர்த்து மாற்றினால்கூட அவ்வளவு செலவு ஆகாது.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால்

ஸ்கேனரில் பி0301 வந்தால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே. பி0300 என்றால் எந்த ஒன்றையும் குறிப்பிட முடியவில்லை என்று பொருள். கோட் எதுவும் வராவிட்டாலும் கையால் கண்டுபிடிக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் இரண்டு பின் கனெக்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி. இன்ஜெக்டர் கைக்கு எட்டாவிட்டால் காயில் கனெக்டரைக் கழற்றலாம், ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். அப்போது பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகிறது. ஓடும் இன்ஜினில் காயிலையே உருவி ஸ்பார்க் பார்க்கும் வித்தை வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

சிலிண்டர் தெரிந்த பிறகு இன்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் காயில் போச்சு. இப்போதைய காயில்களில் எலக்ட்ரானிக்ஸ் உள்ளேயே இருப்பதால் மல்டிமீட்டரில் ஓம் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இடம் மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மிஸ் நகராவிட்டால் அதே மாதிரி பிளக்கை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

பிளக்கைக் கையில் எடுத்ததும் தூக்கி எறியாதீர்கள், அதில் நிறைய எழுதியிருக்கிறது. வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வாடையுடன் ஈரமாக இருந்தால் ஸ்பார்க் வரவில்லை. முனையில் எண்ணெய் இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். ஆனால் எண்ணெய் பிளக்கின் மேல்பகுதியில், குழிக்குள் தேங்கியிருந்தால் அது இன்ஜின் தேய்மானம் இல்லை, டேப்பெட் கவருக்கு அடியில் உள்ள ரப்பர் சீல் கசிகிறது. சின்ன செலவுதான், பயப்பட வேண்டாம். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் வெளிவழியாகப் பாய்கிறது. பிளக்கையும் காயிலின் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். மழைக்காலத்திலும், இன்ஜினைப் பிரஷர் வாஷ் செய்த மறுநாளும் வரும் மிஸ்ஸிங்கிற்கு அந்தக் குழியில் நிற்கும் தண்ணீரே பெரும்பாலும் காரணம்.

பிளக் முனையின் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும், சரியான எண் ஓனர்ஸ் மேனுவலில் உண்டு. இரிடியம் பிளக்கின் முனையைக் கேஜால் நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். மாட்டும்போது கையால் கடைசி வரை சுற்றிவிட்டு, வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் இன்னும் அரைச் சுற்று; ஏற்கெனவே ஓடியது என்றால் கடிகாரத்தில் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணி வரை உள்ள அளவு போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

காயிலும் பிளக்கும் சரி என்றால் இன்ஜெக்டர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' சத்தம் நாலிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். மின்தடை பொதுவாக 11 முதல் 16 ஓம். எண்ணைவிட நாலும் ஒன்றுபோல் இருப்பது முக்கியம். சத்தமே இல்லை, ஓம் சரி என்றால் ஒயரைப் பின்தொடருங்கள். இன்ஜினின் கதகதப்புக்கு எலி வந்து உட்காரும், கடிப்பதற்கு முதலில் அகப்படுவது இந்த மெல்லிய ஒயர்கள்தான்.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெட்ரோலிலும் கேஸிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நடுங்கினால் ஸ்பார்க், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). பெட்ரோலில் மட்டும் என்றால் பெட்ரோல் இன்ஜெக்டர் அல்லது பம்பு. மாதக்கணக்கில் கேஸிலேயே ஓடினால் இன்ஜெக்டரில் பிசின் கட்டும்.

எல்லாம் சேர்ந்து தடுமாறினால்

இங்கே காற்றுக் கசிவுதான் முதல் சந்தேகம். இணையத்தில் பல வீடியோக்கள், வேக்குவம் லீக் என்றால் ஃப்யூல் ட்ரிம் (இன்ஜின் கணினி பெட்ரோல் அளவில் செய்யும் சதவீதத் திருத்தம்) பிளஸ் 20 வரை போகும் என்று சொல்கின்றன. அது காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்கு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். ஓட்டை வழியாக வரும் காற்றும் அந்த அழுத்தத்தைக் கூட்டும், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் ட்ரிம் பெரிதாக மாறாமல், ஐடில் மட்டும் 1,100, 1,200 என்று ஏறி நிற்கும். இன்னும் ஏறினால், ஆக்ஸிலரேட்டரை விட்ட வண்டி இறங்கி வருகிறது என்று நினைத்து இசியு பெட்ரோலை நிறுத்தும், ஆர்பிஎம் விழும், மறுபடி பெட்ரோல் விடும். முள் மேலும் கீழும் ஊஞ்சலாடுவது இதனால்தான்.

ஸ்கேனரில் மேப் எண்ணைப் பாருங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் என்றால் அது வெளிக்காற்றின் அழுத்தம்: சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77 அளவில். சூடான ஐடிலில், ஏசி இல்லாமல், சமவெளியில் 30 முதல் 40க்குள் வர வேண்டும். 50ஐத் தாண்டினால் கசிவு, வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று.

கசிவைத் தேட, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் வளைத்து முனையில் வெடிப்பு பாருங்கள். பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை இலகுவாக்கும் டப்பா) ஹோஸை ஒரு கணம் நசுக்கும்போது ஐடில் சீரானால் கசிவு அந்தப் பக்கம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஐடில் மாறினாலும் அப்படியே. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து மேனிஃபோல்டு இணைப்புகளில் மெல்லத் தூவினால், ஓட்டை உள்ள இடத்தில் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழக்கம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறி, ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு சரியாகிறதா? டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. இன்ஜினை நிறுத்திக் கழற்றி, ஒரு சுத்தமான குழாய் வழியாக ஊதினால் காற்று போகக் கூடாது. பம்பில் ஆட்டோ கட் ஆன பிறகும் 'ரவுண்டு பண்ணி' நிரப்பினால் பெட்ரோல், அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்குள் போய் இதே தொல்லையைத் தரும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், பழைய வண்டியின் லாங் டெர்ம் ட்ரிம் (இசியு நினைவில் வைத்திருக்கும் நீண்டகாலத் திருத்தம்) நாலைந்து புள்ளி பிளஸ் பக்கம் நகர்வது இயல்பு. அதை மட்டும் வைத்து இன்ஜெக்டரைக் குறை சொல்ல வேண்டாம். பிளஸ் 10ஐத் தாண்டினால் தேடுங்கள்.

கூலன்ட் சென்சாரைச் சோதிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் வெப்பத்தையும் இன்டேக் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது.

த்ராட்டில் பாடி

பட்டாம்பூச்சி வால்வின் ஓரத்தில் கரி வளையம் இருந்தால்தான் கிளீனிங் வேலை தரும். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், உள்ளே பீய்ச்சாதீர்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது விரலை வைக்காதீர்கள், கியர் உடையும், விரலும் மாட்டும். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய வண்டியில் ஐடில் கன்ட்ரோல் வால்வின் முனையையும் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு ஐடில் ஏறி நின்றால் கலங்க வேண்டாம். இசியு பழைய கரிக்குப் பழகியிருக்கிறது. ஏசி இல்லாமல் பத்து நிமிடம், ஏசி போட்டுப் பத்து நிமிடம் ஓட விட்டால் பல வண்டிகள் தானாகக் கற்றுக்கொள்ளும்; சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் செய்ய வேண்டும். பேட்டரி மாற்றிய மறுநாள் வரும் ஐடில் கோளாறும் இதே வகை.

எதிலும் அகப்படாவிட்டால்

கம்ப்ரஷன். எல்லாப் பிளக்கும் வெளியே, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்கள் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கையில் அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஐடிலில் உதறி, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் பட்டுபோல ஓடும் சிஎன்ஜி வண்டி என்றால், ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் டேப்பெட் கிளியரன்ஸை (வால்வுக்கு மேலே இருக்க வேண்டிய சிறு இடைவெளி) அளக்கச் சொல்லுங்கள். வால்வு சீட் தேய்ந்து கிளியரன்ஸ் இறுகியிருந்தால், ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) அல்லது டேப்பெட் மாற்றுவதோடு முடிந்துவிட வாய்ப்பு உண்டு.