ஸ்பானிஷில் வயதானவரை எப்படிச் சொல்வது? பாண்டிக்காரர்களுக்கு மட்டும்

பாண்டியில் பிரெஞ்சு படித்துவிட்டு ஸ்பானிஷ் பக்கம் போகிறவர்கள் முதலில் சறுக்குவது 'அன்சியானோ'வில்தான். நமக்குத் தெரிந்த பிரெஞ்சு 'ஆன்சியேன்' தானே என்று நினைத்துவிடுவோம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், லத்தீனில் 'ஆன்தே' என்றால் முன். நாம் முன் என்பதிலிருந்து முன்னோர் என்று சொல்லவில்லையா, அதே கணக்கு. ஆனால் பிரெஞ்சில் ஆன்சியேனைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போட்டால் 'முன்னாள்' என்று ஆகிவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு இங்கே பென்ஷன் வாங்குகிற தாத்தாக்களை 'ஆன்சியேன் கொம்பத்தான்' என்பார்களே, அந்த மாதிரி. ஸ்பானிஷ் அன்சியானோவுக்கு அந்த வேலை தெரியாது. அது தள்ளாத வயதுக்காரர், அவ்வளவுதான். என்னுடைய பழைய வாத்தியாரைப் பற்றி 'மி அன்சியானோ ப்ரொஃபெசோர்' என்று நான் எழுதப்போய், பாவம், 35 வயது மனிதரைக் கிழவராக்கிவிட்டேன். அங்கே 'அந்தீகுவோ' என்று போடுங்கள்.

அப்புறம் 'வியேஹோ'. பழைய, வயதான என்று பொருள். எழுத்தில் வி, வாயில் கிட்டத்தட்ட பி. லத்தீனில் பழையது 'வேதுஸ்', அதைச் செல்லமாகச் சொன்னால் 'வேதுலுஸ்', அதுவும் ஜனங்கள் வாயில் 'வெக்லுஸ்' ஆனது. 'வேதுலுஸ் என்று சொல், வெக்லுஸ் என்று சொல்லாதே' என்று பழைய லத்தீன் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று அதட்டுகிறது. யார் கேட்டார்கள்? வெக்லுஸ்தான் ஜெயித்தது, பிரெஞ்சு 'வியூ'வும் அதன் வாரிசுதான். பழைய சட்டை, பழைய வீடு எல்லாவற்றுக்கும் வியேஹோ சொல்லலாம், தெரியாத மனிதரை மட்டும் சொல்லாதீர்கள், மூஞ்சிக்கு நேரே கிழவா என்பது போல இருக்கும். ஆனால் அர்ஜென்டினாக்காரர் 'மி வியேஹோ' என்றால் பதறவும் வேண்டாம். தன் அப்பாவைத்தான் சொல்கிறார், நாம் 'எங்க பெருசு' என்கிற அதே பாசத்தோடு.

சந்தேகமாக இருந்தால் 'மயோர்'. பெரிய, மூத்த என்று பொருள். 'பெர்சோனா மயோர்' அப்படியே நம்ம பெரியவர்.

சரி, கடற்கரைச் சாலையில் ஸ்பெயின் தாத்தா ஒருவரை நேரில் கூப்பிட வேண்டும் என்றால்? மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 'சென்யோர்' என்று கூப்பிட்டு, நீங்கள் என்பதற்கு 'உஸ்தெத்' போட்டுப் பேசுங்கள். சென்யோரும் லத்தீன் 'செனியோர்' வழி வந்ததுதான், அதாவது மூத்தவர். ஆனால் இப்போது இருபது வயதுப் பையனைக்கூட அப்படிக் கூப்பிடலாம் என்பதால் யாருக்கும் வயது உறைக்காது.