புது ஸ்போர்ட்ஸ் காருக்கு பி.பி.எஃப். (பெயிண்டைக் காக்கும் தெளிந்த ஃபிலிம்) ஒட்டலாமா? டெலிவரிக்கு முன் படிப்படியாக முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் கார் புக் பண்ணி அட்வான்ஸ் கட்டிய கையோடு ஷோரூமில் ஒரு கேள்வி வரும்: "சார், பெயிண்ட் புரொடெக்‌ஷன் போட்டுடலாமா?" இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், ஃப்ளோர் மேட் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்பார்கள். முதல்முறை வாங்குகிறவர், போடப்போவது என்ன சரக்கு என்றே தெரியாமல் சரி சொல்லிவிடுவார். தயவுசெய்து அன்றைக்குச் சரி சொல்லாதீர்கள். "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். கார் கைக்கு வருவதற்குள் நிதானமாக முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: பிஎம்டபிள்யூ எம்2. இரண்டு கதவு, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர டிரைவ், விலை ஒரு கோடியை ஒட்டி. ஓடப்போவது சென்னை, கோவைச் சாலைகளில். உங்கள் கார் வேறாக இருந்தாலும் செய்ய வேண்டியவை இவைதான்.

படி 1: காப்பாற்றப்போவது எதை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தகரத்தின் மேல் முதலில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பளபளப்பையும் வெயில் தாங்கும் வலுவையும் தருகிற கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். மெஷின் வைத்து பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது.

இந்தப் பெயிண்ட் போனால் அதே தரத்தில் திரும்பக் கிடைக்காது. தொழிற்சாலையில் வெறும் கூட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, சுமார் 140 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் சீட்டும் ஏறிவிட்ட காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் ஒர்க்‌ஷாப் பெயிண்டிங் பூத்தில் 60 டிகிரியில் காயும் வேறு வகைப் பெயிண்டைத்தான் அடிக்கிறார்கள். நல்ல கைக்காரர் அடித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கருவி வைத்து அளந்தால் தெரியும், காரை விற்கப் போகும்போது பேரமும் அங்கிருந்துதான் தொடங்கும்.

படி 2: உங்கள் காருக்கு எதிரி யார்?

இரண்டு வகை எதிரிகள் உண்டு. ஒன்று கல். மற்றது கறையும் கீறலும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போனவருக்கு முதல் வகையை விளக்க வேண்டியதில்லை. பானெட்டின் முன்விளிம்பில் கடுகளவு ஒரு புள்ளி விழும். கிட்டப்போய்ப் பார்த்தால், நடுவில் பிரைமரோ தகரமோ தெரியும், சுற்றிலும் கிளியர் கோட் சில்லு விட்டு ஒரு வெளிறிய வளையம் இருக்கும். நகத்தை வைத்து ஓட்டினால் குழி தட்டுப்படும். பாலிஷ் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, அங்கே தேய்த்துச் சமப்படுத்தப் பெயிண்டே இல்லை.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் தொல்லை அதிகம். கார் தாழ்வாக இருக்கிறது, மூக்கு அகலம். எம்2-வின் முன் டயர் 275 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 285. மிருதுவான ரப்பர் என்பதால் சூடேறியதும் சாலையில் கிடக்கும் பொடிக்கல்லை ஒட்டி எடுத்துத் தன் காரின் பக்கவாட்டிலேயே வீசும். முன் டயருக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதி, அதற்கும் கீழே ஓடும் சைடு ஸ்கர்ட், பின்சக்கரத்துக்கு மேல் வெளியே புடைத்து நிற்கும் ஃபெண்டர், இந்த இடங்களில் மணல் தெளித்த மாதிரி அடி விழுந்திருக்கும். முதல்முறை வாங்குகிறவர்கள் பானெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கவாட்டை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது வகையில் காக்கை எச்சம், தூங்குமூஞ்சி மரத்திலிருந்து சொட்டும் பிசுபிசுப்பு, போர் தண்ணீர் காய்ந்தால் நிற்கும் வெள்ளை வட்டம் எல்லாம் சேரும். எச்சத்தில் உள்ள அமிலம் மே மாத வெயிலில் சூடான கிளியர் கோட்டைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். இவை எல்லாவற்றையும் விட அதிகச் சேதம் செய்வது, தினமும் காலையில் தூசி மேலேயே ஓட்டப்படும் காய்ந்த துணி. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போலச் சுழல் கீறல். கறுப்பிலும் கரு நீலத்திலும் அது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

படி 3: எந்தச் சரக்கு எதற்கு?

'பெயிண்ட் புரொடெக்‌ஷன்' என்ற ஒரே பேரில் மூன்று வேறு பொருட்களை விற்கிறார்கள். குழப்பமே இங்கேதான்.

மெழுகும் சீலன்ட்டும் சில வாரம், சில மாதம் நிற்கும். வீட்டிலேயே போடலாம். ஷோரூமில் 'டெஃப்லான்' என்று சொல்லி விற்பதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன், அதற்குக் கேட்கும் காசைத் தர மாட்டேன்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா கலந்த திரவம். கிளியர் கோட்டோடு ஒட்டிக் கெட்டியாகிறது. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு லேசில் விடும், பளபளப்பு கூடும், கழுவுவது பாதி வேலையாகும். இதெல்லாம் உண்மை. ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான், கல்லைத் தடுக்காது. '9ஹெச்' என்று போர்டில் பெரிதாகப் போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மை அளவு. கோட்டிங்கின் மேல் 9ஹெச் பென்சிலை உரசினால் கீறல் விழவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று யாராவது சொன்னால் அங்கே காரை விடாதீர்கள்.

மூன்றாவது பி.பி.எஃப்., அதாவது பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம். 150 முதல் 200 மைக்ரான் தடிமனில், கண்ணாடி மாதிரி தெளிந்த ஃபிலிம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க அமெரிக்காவில் உருவான சரக்கின் வழிவந்தது. கல்லைத் தாங்குவது இது ஒன்றுதான். நல்ல ஃபிலிமின் மேல்பூச்சில் விழும் மெல்லிய கீறல் சூடு பட்டால் தானே மறையும், நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். வாங்கும்போது 'டிபியூ' (பாலியூரித்தேன் வகை பிளாஸ்டிக்) ஃபிலிமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பி.வி.சி. ஃபிலிம் மலிவு, ஆனால் சீக்கிரம் மஞ்சளடித்து விறைத்துப்போகும், உரிக்கும்போதும் படுத்தும்.

சுருக்கமாக, கல்லுக்கு ஃபிலிம், கழுவும் சுகத்துக்கு கோட்டிங். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. செராமிக்குக்கு ஆயிரங்களில் செலவாகும். முழுக் காருக்கும் நல்ல ஃபிலிம் என்றால் லட்சத்தில் பேச வேண்டும்.

படி 4: இப்போது முடிவெடுங்கள்

கார் எங்கே ஓடும், எங்கே தூங்கும் என்ற இரண்டு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை ஈ.சி.ஆர்., மாதம் ஒருமுறை ஏற்காடோ கொல்லிமலையோ, நடுவில் நெடுஞ்சாலை என்றால் முன்பக்கம் முழுக்க ஃபிலிம் ஒட்டுங்கள். முன் பம்பர், முழு பானெட், முன் ஃபெண்டர்கள், ஹெட்லைட், பக்கக் கண்ணாடிகளின் மூடி, கூடவே சைடு ஸ்கர்ட்டும் பின் ஃபெண்டர் புடைப்பும். மீதி இடத்துக்கு செராமிக். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முழுக் காருக்கும் ஒட்டும் செலவை விட இது வெகுவாகக் குறையும், கல் படும் இடமும் பெரும்பாலும் அடங்கிவிடும். பானெட்டில் பாதிக்கு மட்டும் ஒட்டும் மலிவு பேக்கேஜ் வேண்டாம். குறுக்கே ஓடும் விளிம்பில் அழுக்குக் கோடு கட்டி, கார் முழுக்க அதுதான் கண்ணில் படும்.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், கூரையுள்ள பார்க்கிங் இருக்கிறது என்றால் ஃபிலிம் அவசியமே இல்லை. செராமிக் போதும். கதவுக் கைப்பிடிக் குழியில் மட்டும் ஒரு துண்டு ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள், நகக் கீறல் விழுவது அங்கேதான். காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், அதற்குக் காசே ஆகாது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ ஓட்டப்போகிறவர் முன்பக்கத்தோடு பக்கவாட்டு முழுவதையும் மூடட்டும். மற்ற கார்களின் டயரிலிருந்து பிய்ந்து வரும் ரப்பர் கட்டிகள் அங்கே சும்மா விடாது. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் எடுத்தவருக்கு வேறு வழியில்லை, முழுக் காருக்கும் மேட் ஃபிலிம்தான். அந்தப் பெயிண்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

பட்ஜெட் இழுபறி என்றால் ஃபிலிமைத் தள்ளிவைத்துவிட்டு டயருக்கும் பிரேக்குக்கும் காசை எடுத்து வையுங்கள். பெயிண்டில் புள்ளி விழுந்தால் மனசு வலிக்கும், அவ்வளவுதான். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பண்ணிப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்றால், கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி கையை விட்டுப் போகும். கல் புள்ளிக்காக அதை இழப்பது நஷ்டம்.

இன்னொன்று, ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு உரசுவதை எந்த ஃபிலிமும் தடுக்காது.

படி 5: டெலிவரிக்கு முன் ஷோரூமில் சொல்ல வேண்டியது

சென்னையை அடுத்த தொழிற்சாலையில் பிஎம்டபிள்யூவின் பல மாடல்கள் அசெம்பிள் ஆகின்றன. எம்2 அப்படி இல்லை, மெக்சிகோவின் சான் லூயிஸ் பொடோசியில் முழுசாக உருவாகிக் கப்பலேறி வருகிறது. அத்தனை தூரம் வந்த காரை டெலிவரிக்கு முந்தின நாள் அவசரமாகக் கழுவித் துடைக்கும்போதுதான் முதல் சுழல் கீறல் விழும். அதனால் "கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், கோட்டிங் எதுவும் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தூசியோடு எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பணம் முழுவதையும் கட்டும் முன் பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றிப் பாருங்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை, ஃபிலிமும் கோட்டிங்கும் போடும் டீடெய்லிங் ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியிலும் நாலைந்து இடத்தில் வையுங்கள். எல்லாம் 110, 120 என்று வந்துகொண்டிருக்கும்போது ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் அது மறுபடி அடித்த பெயிண்டாக இருக்கலாம், விளக்கம் கேளுங்கள். சாதாரணக் கருவி உலோகத்தின் மேல் மட்டும் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் அளவு காட்டாது. மறுபெயிண்ட் அடித்த இடத்தை ஸ்டுடியோவிலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிற்காலத்தில் ஃபிலிமை உரிக்கும்போது அங்கே பெயிண்டும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு.

படி 6: ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுங்கள்

எந்த பிராண்ட் ஃபிலிம் என்பதை விட யார் கை ஒட்டுகிறது என்பது பெரிய விஷயம். ஒட்டி ஒரு வருடம் ஆன காரைக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒட்டிய கார் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். விளிம்புகளைப் பாருங்கள். பானெட்டின் ஓரத்தில் ஃபிலிம் உள்பக்கம் மடிந்து போயிருக்கிறதா, ஓரத்துக்கு முன்பே நின்றுவிட்டதா? மூலைகள் கிளம்பியிருக்கின்றனவா?

அளவாக வெட்டுவது எப்படி என்றும் கேளுங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் மாடலுக்கான அச்சை வைத்து மெஷினில் வெட்டி ஒட்டலாம், அல்லது பெரிய துண்டாக ஒட்டிவிட்டுக் காரின் மேலேயே பிளேடால் வெட்டலாம். எம்2 பம்பர் மாதிரி வளைவும் துவாரமும் நிறைந்த வடிவத்தில் இரண்டும் கலந்துதான் வரும். ஆனால் பிளேடு ஆழமாக இறங்கினால் நிரந்தரக் கோடு விழும், அது ஃபிலிமை உரித்த பிறகுதான் தெரியவரும். முதல் முறை வாங்குகிறவர் மெஷின் வெட்டு அதிகம் பயன்படுத்தும் இடத்துக்குப் போவது நல்லது.

வாரண்டி தாளில் மஞ்சளடிப்பது, வெடிப்பது, உரிவது மூன்றும் எழுதியிருக்க வேண்டும். நிறமுள்ள ஃபிலிம் ஒட்டி காரின் நிறத்தையே மாற்ற ஆசை என்றால் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில் மாற்ற வேண்டியிருக்கும், தெளிந்த ஃபிலிமுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 7: காரைத் திரும்ப எடுக்கும் நாள்

புதுக் காராக இருந்தாலும் ஃபிலிமுக்கு முன் ஒரு நாளாவது சுத்தம் செய்யும் வேலை இருக்கும். இரும்புத் துகளைக் கரைப்பது, 'கிளே பார்' என்னும் மிருதுவான கட்டியால் தேய்த்து ஒட்டிய அழுக்கை எடுப்பது, தேவையான இடத்தில் லேசாக பாலிஷ். இதைத் தாண்டிவிட்டு நேரே ஒட்டினால் அழுக்கும் கீறலும் வருடக்கணக்கில் ஃபிலிமுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். காலையில் விட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறவரிடம் முழு முன்பக்க வேலையைத் தராதீர்கள்.

எடுக்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிறு தண்ணீர்க் குமிழிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஒட்டும்போது அடித்த தண்ணீர்தான் அது, சில வாரத்தில் உலர்ந்துவிடும். விரலால் அழுத்தினால் நகராமல் கூராக நிற்கும் புள்ளி என்றால் உள்ளே தூசி மாட்டியிருக்கிறது. பானெட் நடுவில் அப்படி இருந்தால் மாற்றி ஒட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை.

படி 8: முதல் சில வாரங்கள்

ஒட்டிய ஒரு வாரத்துக்குக் கார் கழுவாதீர்கள், பசை பிடிக்க நேரம் வேண்டும். அதன் பிறகு நிழலில், இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணீர், மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து, காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷரை ஃபிலிமின் விளிம்புக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். காக்கை எச்சத்தைப் பார்த்தால் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள், ஃபிலிம் இருக்கிறதே என்று அடுத்த நாளுக்கு விட்டால் அதிலும் கறை பிடிக்கும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஸ்டுடியோவில் ஒருமுறை காட்டுங்கள். மடித்த ஓரங்கள் எங்காவது கிளம்பியிருந்தால் சூடு காட்டி அழுத்திவிடுவார்கள். பில், வாரண்டி அட்டை, ஃபிலிம் ரோலின் சீரியல் எண் மூன்றையும் ஆர்.சி. நகலோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். விற்கும்போது வாங்க வருகிறவர் அதைக் கேட்பார்.