காட்டில் தனித்த சிறுவனைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைத்தல்: கிழக்கிலங்கை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாசித்து முடித்த நாவலைக் குறித்து ‘இதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்டால், எட்டாம் தரப் பிள்ளைகள் ‘தன்னம்பிக்கை, விடாமுயற்சி’ என்ற இரண்டு சொற்களை ஒப்புவித்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதிக்குப் பொறுப்பு கேள்வியினுடையது. ஆசிரியரின் கையில் விடை ஏற்கனவே இருப்பது தெரிந்தால் எந்தப் பிள்ளையும் மனந்திறந்து பேசாது. காட்டில் உயிர்தப்பும் கதைகளின் சிறப்பே, அவற்றில் வரும் பல கேள்விகளுக்கு நம்மைவிட நம் மாணவர்களுக்கு நன்றாக விடை தெரியும் என்பதுதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாவியையும் குளத்தையும் காட்டோரத்து வயலையும் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் அந்த அறிவு நிறையவே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் வரவிடுவது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, கேரி போல்சன் எழுதி 1987 இல் வெளிவந்த ‘ஹாட்செட்’ என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதுப் பிரையன் தன் தந்தையைப் பார்க்கச் சிறிய விமானமொன்றில் போகும்போது விமானி மாரடைப்பால் இறந்துவிட, விமானம் கனடாவின் வடபகுதிக் காட்டிலுள்ள ஏரியில் விழுகிறது. தாய் கொடுத்த கைக்கோடரி ஒன்றைத் துணையாகக் கொண்டு அவன் 54 நாட்கள் அங்கே உயிர்வாழ்கிறான். எட்டாம் தரத்துப் பிள்ளைக்கும் ஏறத்தாழ அதே வயது என்பதால் இந்தக் கதை எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் முழுவதையும் வாசிக்க இயலாத வகுப்பாக இருந்தால், அத்தியாயத்தின் போக்கைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிட்டு, முக்கியமான ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாக வாசித்துப் பொருள் கூறலாம். ஆசிரியர் மட்டும் நாவலை முன்கூட்டியே கடைசிப் பக்கம் வரை வாசித்திருக்க வேண்டும். அதன் காரணம் பின்னால் வருகிறது.

வாசிக்கும்போது, பாத்திரம் ஒரு முடிவை எடுப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க நேரமிருந்தால் இதையே கடைப்பிடியுங்கள். தீ மூட்டும் பகுதியைப் பாருங்கள். இருட்டில் தன் உறைவிடத்துக்குள் நுழைந்த முள்ளம்பன்றியை நோக்கிப் பிரையன் கோடரியை எறிகிறான். அது கற்சுவரில் பட்டுப் பொறி பறக்கிறது. மறுநாள்தான், அந்தப் பொறியிலிருந்து தீ பெறலாம் என்பது அவனுக்குப் புரிகிறது. இங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ‘பொறி இருக்கிறது, தீ இல்லை, இன்னும் என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். தும்பு, காய்ந்த பனையோலை, வைக்கோல் என்று விடைகள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். சரி என்றோ பிழை என்றோ சொல்ல வேண்டாம். ‘தும்பு ஏன்? வைக்கோல் ஏன் கூடாது?’ என்று ஒருவர் விடையை மற்றவரிடம் திருப்பிவிடுங்கள். பிறகு வாசிப்பைத் தொடருங்கள். பிரையன் காய்ந்த புல்லை முயல்கிறான், இருபது டொலர் தாளைக் கிழித்துப் போடுகிறான், மரப்பட்டையை மெல்லிய இழைகளாக உரித்துச் சேர்க்கிறான். கடைசியில் தீக்குக் காற்றும் வேண்டுமென்று உணர்ந்து ஊதுகிறான். அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், பிரையன் ஊதுவதற்கு முன்னரே ‘ஊத வேணும் டீச்சர்’ என்று சொல்லிவிடும். வழக்கமாகப் பின்வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளையே அதைச் சொல்லக்கூடும். அந்தக் கணத்தில் பாராட்டிவிட்டு நகராமல், எப்படித் தெரியும், எவ்வளவு மெதுவாக ஊத வேண்டும், பலமாக ஊதினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளையிடமே விரிவாகக் கேளுங்கள்.

மீன் பிடிக்கும் இடமும் இதேபோல் வளமானது. பிரையன் ஈட்டியால் குத்தும் ஒவ்வொரு முறையும் மீன் தப்பிவிடுகிறது; வில் செய்து அம்பு எய்தும் முதலில் படவில்லை; நீர் ஒளியை வளைத்துக் காட்டுவதால் மீன் இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு என்பதை நினைவுகூர்ந்த பின்பே அவன் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைக்கிறான். விஞ்ஞான ஆசிரியரும் அந்தப் பாடவேளையில் வந்து அமர்ந்தால் நல்லது. ஆனால் ஒளிமுறிவு என்ற சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டாம். வாவிக்கரைப் பிள்ளைகள் தங்கள் சொற்களில் அதைச் சொல்லி முடித்த பிறகு, பாடநூலின் சொல்லை அதற்குப் பெயராக வழங்குங்கள்.

காட்டு விலங்கைப் பற்றிய பேச்சுக்கு, ‘மூஸ்’ எனப்படும் பெரிய மான் இனத்தைச் சேர்ந்த விலங்கு ஏரியில் வைத்துப் பிரையனைத் தாக்கும் பகுதியைத் தெரிவுசெய்யலாம். ‘அந்த விலங்குக்கு அவன் மீது கோபமா?’ என்ற ஒரு கேள்வி போதும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்பது படத்தில் பார்த்த விலங்கன்று. வேளாண்மை விளைந்திருக்கும் காலத்தில் இரவுக் காவலுக்குப் போகும் தந்தையின் பயத்தை அவர்கள் அறிவார்கள். யானைக்கு வன்மம் உண்டு என்று சிலரும், அதன் பாதையை நாம் மறித்துவிட்டோம் என்று சிலரும் வாதிடுவார்கள். இரு பக்கமும் நியாயம் இருப்பதால் இங்கே ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யானையால் இழப்பைச் சந்தித்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருப்பதாகத் தெரிந்தால், இந்தக் கேள்வியை முற்றாக விட்டுவிடுங்கள்.

இருக்கை அமைப்பும் முக்கியம். மேசைகளை ஒதுக்கிவிட்டு, கூத்துக் களரியைச் சுற்றி அமர்வதுபோல் வட்டமாக அமரச் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை கொடுத்து, ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், நன்றாகப் பேசுகிற நான்கைந்து பேரே நேரத்தை எடுத்துக்கொள்வது தானாகக் குறையும். கேள்வி கேட்ட பின் குறைந்தது பத்து வினாடி பேசாமல் இருங்கள். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு, பேசுவதற்கு முன் இரண்டு வரி எழுத நேரம் கொடுத்தால் அந்தத் தாளைப் பார்த்தாவது சொல்வார்கள். பேச்சுத் தமிழில் சொல்வதைத் திருத்த வேண்டாம். எழுத்துத் தமிழைப் பிறகு எழுதும்போது கவனித்துக்கொள்ளலாம்.

நாவலை முழுவதும் வாசித்திருக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் இனி. பிரையனின் பெற்றோர் மணவிலக்குப் பெற்றவர்கள். தாயைப் பற்றிய ஓர் இரகசியம் அவன் மனதில் கனக்கிறது. தாயோ தந்தையோ மத்திய கிழக்கில் வேலைசெய்கிற, அல்லது பிரிந்து வாழ்கிற குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ‘பிரையன் ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை?’ என்று கேட்கலாம், ‘உன் வீட்டில்?’ என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. தேடிவந்த விமானம் அவனைக் காணாமல் திரும்பிப் போன பின், அவன் வாழும் விருப்பத்தையே இழக்கும் ஒரு கட்டமும் உண்டு. அதை வகுப்பில் வாய்விட்டு வாசிக்க வேண்டாம், ‘நீயாக இருந்தால்?’ என்ற கேள்வியும் வேண்டாம். அந்தப் பகுதியில் முகம் வாடுகிற பிள்ளையுடன் பின்னர் தனியாகப் பேசுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியர் இருந்தால் அவருக்கும் தெரியப்படுத்துங்கள். இன்னொன்றும் உண்டு. பிரையன் அறியாத காட்டுப்பழத்தை உண்டு கடுமையாக நோயுறுகிறான். பாலைப்பழமும் நாவற்பழமும் பறித்து உண்டு பழகிய நம் பிள்ளைகளுக்கு, அலரி விதையும் குண்டுமணியும் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதை இந்த இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தீ மூட்டிப் பார்க்கும் பரிசோதனையை வீட்டுவேலையாகக் கொடுக்காதீர்கள்.

நாவலின் பிற்பகுதியில், மூழ்கிய விமானத்திலிருந்து மீட்ட பையில் அவனுக்கு ஒரு துப்பாக்கியும் தீமூட்டிகளும் கிடைக்கின்றன. மகிழ வேண்டிய அந்த நேரத்தில் அவன் மனம் ஒப்பவில்லை. துப்பாக்கி தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் பிரித்துவிடுவதுபோல் உணர்கிறான். ‘இலகுவான பொருள் கைக்கு வந்ததும் அவனுக்கு ஏன் பிடிக்கவில்லை?’ என்ற கேள்விக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கலாம். துப்பாக்கி என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இருக்கும் கனம் வேறு. பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், எடுக்காவிட்டால் தீமூட்டியைப் பற்றியே பேச்சு நடக்கட்டும்.

கடைசி வேலையாக வீட்டாரிடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உகந்தையிலிருந்து குமணக் காட்டின் வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தவர்கள் பல குடும்பங்களில் இருப்பார்கள். வேறு குடும்பங்களில் ஆழ்கடலுக்குப் போனவர்களும், காட்டில் தேன் எடுத்தவர்களும், மாடு மேய்த்தவர்களும் இருப்பார்கள். ‘தண்ணீர் முடிந்தபோது என்ன செய்தீர்கள்? இரவில் எங்கே படுத்தீர்கள்?’ என்ற இரண்டையும் கேட்டு, விடையை எழுதிவர வேண்டும். மறுநாள் வட்டத்தில் அமர்ந்து அவற்றை வாசித்த பின், பிரையனை மீட்கும் விமானம் வராமல் பனிக்காலம் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். பனியைப் பார்த்திராத நம் பிள்ளைகள், அதற்குப் பதிலாக மார்கழி மாரியில் குடும்பிமலைப் பக்கம் தனியே அகப்பட்டவனை வைத்துச் சிந்திக்கலாம். அவன் முதலில் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை ஒவ்வொரு குழுவும் எழுதி, வீட்டுப் பெரியவர் சொன்னவற்றில் எது அவனுக்கு உதவும் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும்.