மூணு வாரத்துல பூனை பாஷை: எங்க வளவுப் (வீட்டு நடு முத்தம்) பூனைகிட்ட நான் படிச்ச பாடம்

கோடை லீவுக்கு செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல ஆயா வீட்டுக்கு வந்தா முகப்புத் திண்ணையைத் தாண்டி உள்ள டவரே கிடைக்காது, அவ்ளோ பெரிய வீட்டுல பேச்சுத்துணைன்னு பாத்தா ஆயா, அடுத்து சீயம். சீயம் எங்க பூனை, கலரும் உருண்டையும் அப்படியே எங்க ஊரு சீயம் பலகாரம்தான். சரி பூனை பாஷையே கத்துக்குவோம்னு இறங்கிட்டேன், நீங்களும் ட்ரை பண்ணுங்க.

ஸ்டெப் 1: மத்தியான வெயில்ல பூனை ஆத்தங்குடித் தரைக்கல்லு மேலதான் படுத்திருக்கும், ஜில்லுன்னு இருக்கும்ல. நீங்களும் தரையில உக்காருங்க. முறைச்சுப் பாக்காதீங்க, பூனைக்கு அது சண்டைக்கு கூப்பிடுற மாதிரி.

ஸ்டெப் 2: இதுதான் மெயின். கண்ணைப் பாதி மூடி, மெதுவா சிமிட்டுங்க. 2020ல இங்கிலாந்துல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, இப்படி சிமிட்டுனா பூனையும் திருப்பி சிமிட்டுதாம், முன்னப்பின்ன தெரியாத ஆளு கை நீட்டுனாலும் கிட்ட வருதாம். நான் மூணு நாளு சிமிட்டுனேன், ஆயா வந்து "கண்ணுல தூசி விழுந்துருச்சா ஆத்தா, ஊதி விடவா"ன்னு கேட்டாக. நாலாவது நாளு சீயம் சிமிட்டுச்சு, சத்தியமா சொல்றேன், என் மண்டைக்குள்ள தெளிவா கேட்டுச்சு: "ஏ பிள்ள, இப்பத்தான் மரியாதை தெரிஞ்சுச்சா?"

ஸ்டெப் 3: வால். நட்டுக்க நிமித்தி வந்தா வணக்கம். பட்டு பட்டுன்னு ஆட்டுனா எந்திரிச்சுப் போயிருங்க. வயித்தைக் காட்டுனா தடவச் சொல்லுதுன்னு நினைக்காதீங்க (கையில மூணு கீறல் இருக்கு).

ஸ்டெப் 4: லஞ்சம். மசாலா, உப்பு இல்லாம அவிச்ச நெத்திலி, முள்ளை எடுத்துட்டு வைங்க. குழம்புச் சோறு வேணாம், வெங்காயம் பூண்டு பூனைக்கு விஷம். பால் பணியாரமும் வேஸ்ட், பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம். சீயமே கேட்டுச்சு, "அந்த உருண்டையில என்ன இருக்குன்னு இப்படி அடிச்சுக்கிறீக?"

ஸ்டெப் 5: ஒரு நோட்டு போடுங்க. வளந்த பூனைங்க தங்களுக்குள்ள மியாவ்னு பேசிக்கிறது ரொம்பக் கம்மி, அது நம்மகிட்ட பேசுறதுக்குன்னே வச்சிருக்குற சத்தம், அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாஷை மாதிரி ஆயிரும், என் நோட்டு உங்க வீட்டுக்கு செட் ஆகாது. எங்க வீட்டுல குட்டி "மிய்" வந்தா வந்துட்டியா, இழுத்து "மியாஆஆவ்" வந்தா கதவைத் திற. அப்புறம் கர்ர்னா எப்பவும் சந்தோஷம்னு எழுதிறாதீங்க, வலி இருந்தாலும் அப்படித்தான் கர்ர்ங்கும்.

நேத்து பரீட்சை. பூட்டிக் கிடக்குற இரண்டாம் கட்டுக் கதவு முன்னாடி சீயம் உக்காந்து ரொம்ப இழுத்து ஒரு மியாவ். நோட்டைப் புரட்டிப் புரட்டி மொழிபெயர்த்தேன்: "இதுக்குப் பின்னாடி உங்க பாட்டையா பர்மாவுலேர்ந்து கொண்டாந்த புதையல் இருக்கு." சாவி கேட்டு ஓடுனா, ஆயா அடுப்படியிலேர்ந்து திரும்பிக்கூடப் பாக்காம, "மழை வருதுன்னு சொல்லுது, வளவுல காயுற வத்தலை அள்ளு"ன்னாக.

பாதி வத்தல் அள்ளலை, தூறல் போட்டுருச்சு.

நோட்டு இப்ப ஆயாகிட்ட இருக்கு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு திருத்துறாக. முதப் பக்கத்துலயே நாலு தப்பாம்.