பவர்எட்ஜ் சர்வரில் ஃபர்ம்வேர் ஏற்றும் வரிசை

டெல்லின் பவர்எட்ஜ் போன்ற ஒரு ரேக் சர்வரில் ஃபர்ம்வேர் (பாகத்துக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் மென்பொருள்) என்பது ஒன்றல்ல. பயாஸ் (சர்வரைத் தொடக்கிவைப்பது), ஐடிராக், ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் டேட்டாவைக் காக்க உதவுவது), நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளை, ஒவ்வொரு டிஸ்க் என எல்லாவற்றுக்குள்ளும் தனித்தனியாக ஒன்று ஓடுகிறது. இவற்றில், சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க உதவும் ஐடிராக் தனி ரகம். சொந்த பிராசசரும் மெமரியும் நெட்வொர்க் போர்ட்டும் கொண்ட குட்டிக் கம்ப்யூட்டர் அது. சர்வரை ஆஃப் செய்தாலும் பவர் கார்டு சொருகியிருக்கும்வரை விழித்திருக்கும். மற்ற பாகங்களுக்கு ஃபர்ம்வேரைக் கொண்டுசேர்ப்பதும் அதுவே என்பதால் வரிசையில் முதலில் ஐடிராக், பிறகு பயாஸ், அதற்குப் பின் கார்டுகள், கடைசியில் டிஸ்க். இங்கே சொல்வது ஆர்740 போன்ற மாடல்களில் உள்ள ஐடிராக்9-க்கு.

தொடங்குமுன் பிரவுசரில் ஐடிராக் பக்கத்துக்குப் போய், ஃபர்ம்வேர் இன்வென்டரியைத் திறந்து இப்போதைய பதிப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல் சப்போர்ட் தளத்தில் சர்வீஸ் டேக்கை (சர்வரின் அடையாள எண்) கொடுத்து ஃபைல்களை இறக்குங்கள். சர்வரில் லினக்ஸ் ஓடினாலும், ஐடிராக் பக்கம் வழியாக ஏற்ற விண்டோஸுக்கான இஎக்ஸ்இ பேக்கேஜ்தான் வேண்டும். லினக்ஸ் பேக்கேஜை அது ஏற்காது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ரிலீஸ் நோட்ஸையும் படியுங்கள்: மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாமல், இடையில் ஒரு பதிப்பை ஏற்ற வேண்டியிருக்கலாம்.

ஐடிராக் பக்கத்தின் மெயின்டனன்ஸ் மெனுவில் சிஸ்டம் அப்டேட்டைத் திறங்கள். ஐடிராக் ஃபைலைக் கொடுத்ததும் வேலை உடனே தொடங்கும். முடிந்ததும் ஐடிராக் மட்டும் ரீசெட் ஆகும். சில நிமிடம் பக்கம் திறக்காது. ஓஎஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், எதையும் தொட வேண்டாம்.

பயாஸ் அப்படியல்ல. ஃபைல் ஜாப் கியூவில் (ஐடிராக்கின் வேலை வரிசை) காத்திருக்கும், சர்வர் ரீபூட் ஆகும்போதுதான் ஏறும். ‘அடுத்த ரீபூட்டில்’ என்று விட்டுவிட்டு மறந்துபோவது ஆபத்து: ஒரு மாதம் கழித்து வேறொருவர் வேறு காரணத்துக்காக ரீபூட் செய்வார், பயாஸ் ஏறிக்கொண்டிருப்பது தெரியாமல், சர்வர் எழவில்லையே என்று பவரைப் பிடுங்குவார். நேரம் ஒதுக்கி உடனே ரீபூட் செய்வதே நல்லது. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன்) இருந்தால் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். பயாஸ் மாறினால் டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) அளவீடுகளும் மாறும், பிட்லாக்கர் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிற்கும். ஏற்றிய பின் முதல் பூட்டில் மெமரி ட்ரெய்னிங் (மெமரியைச் சோதித்துச் சரிப்படுத்துவது) நடக்கும். மெமரி அதிகமுள்ள சர்வரில் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். திரையை நம்பாமல் ஐடிராக்கின் ஜாப் கியூவையும் லைஃப்சைக்கிள் லாகையும் (நடந்தவற்றின் பதிவு) பாருங்கள்.

ரெய்டு, நெட்வொர்க் கார்டுகளில் ‘புதியதே சிறந்தது’ என்பது எடுபடாது. விஎம்வேர் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடினால் அதன் கம்பாட்டிபிலிட்டி பட்டியலில் உள்ள ஃபர்ம்வேர்–டிரைவர் ஜோடியையே வையுங்கள். தவறினால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப ரோல்பேக் உண்டு, ஆனால் சிபிஎல்டி (மதர்போர்டில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சிப்) போன்ற சிலவற்றுக்குக் கிடையாது.

பலரும் தொடாமல் விடுவது டிஸ்க்கை. 2019 நவம்பரில் இன்னொரு சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ ஓர் எச்சரிக்கை விட்டது: அதன் சில எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள், ஹெச்பிடி8 என்ற பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேரில், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டிஸ்க்கும் மீளாது, டேட்டாவும் மீளாது. அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். பிளஸ், மைனஸ் குறியுள்ள 16 பிட் எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 32,767 என்பது தெரிந்தவர்களுக்குக் காரணம் புரிந்துவிடும். இதில் ரெய்டு கைகொடுக்காது. ஒரே நாளில் பவர் ஏற்றிய டிஸ்க்குகள் ஒரே வேளையில் விழும். எந்த பிராண்டானாலும் பவர்-ஆன் ஹவர்ஸையும் டிஸ்க் ஃபர்ம்வேர் பதிப்பையும் சேர்த்துப் பாருங்கள். பேக்கப் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். அலமாரியில் இருக்கும் ஸ்பேர் டிஸ்க்கில் இன்னும் பழைய ஃபர்ம்வேர்தான் இருக்கும். சொருகும் அன்றே அதற்கும் ஏற்றிவிடுங்கள்.